கதவிடுக்கு

கிடங்குக்குள் சில்லு விழுந்தால் சத்தம் போகிறது
என்றார் பெனடிக்.
நல்ல ரோட்டில் பிரச்சினை இல்லையாம்.
நல்ல ரோட்டு எங்கே இருக்கிறதென்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பலாலி வீதியில் எங்கள் கடை வாசலில்
கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய
வெள்ளை மாருதி.
மரண அறிவித்தல், கோயில் திருவிழா, ரியூசன் விளம்பரம்,
மூன்றுக்கும் ஒரே வாடகை.

பற்றரி பன்னிரண்டு தசம் ஆறு.
பியூஸ் சரி.
நீல வயரிலும் கரண்ட் வருகிறது.
சீற்றுக்குக் கீழே அம்பிளிபயர்
பச்சை லைற்றோடு நல்ல பிள்ளையாய்க் கிடக்கிறது.
எர்த் வயரைக் கழற்றினேன்.
பெயின்றுக்கு மேலேயே நட்டை இறுக்கியிருந்தார்கள்.
உப்புத்தாளால் தேய்த்து, தகரம் வெளுத்ததும்
"பிடிச்சிட்டன்" என்றேன்.
பிடித்தது வேறொரு பிழையை என்று
இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் தெரிந்தது.

சோதிக்க ஒரு சத்தம் வேண்டும்.
பென்றைவில் இருந்தது ஒன்றே ஒன்று:

தாவடியைப் பிறப்பிடமாகவும்
கொக்குவில் கிழக்கை வதிவிடமாகவும் கொண்ட
வல்லிபுரம் இரத்தின

சிவப்பு லைற்.
பெனடிக் பின் பம்பரில் ஏறிக் குதிக்கிறார்,
கிடங்குக்குப் பதிலாக.
பச்சை.
பதி அவர்கள் ஞாயிற்றுக்கிழமை
சிவப்பு.
அன்னார் காலஞ்சென்ற
சிவப்பு.
அன்புக் கணவரும்
யாருடைய என்பது பின்னேரம் நாலரை வரை தெரியவில்லை.
எதிர்க்கடை பார்மசிக்காரர்
கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றா.
ஐம்பது வயதிருக்கும். காரியரில் கோழித்தீன் பை.
"தம்பி, எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

பெனடிக் என்னைப் பார்த்தார்.
நான் மீற்றரைப் பார்த்தேன்.
"அது போன செவ்வாய் முடிஞ்சுது, அக்கா."
"எங்கட ஒழுங்கைக்குச் சொல்லிக்கொண்டு வரேல்லையே."
"வந்தனான். ரெண்டு தரம் வந்தனான்.
அந்த மதவடிக் கிடங்கு..."
அதோடு பெனடிக்குக்கும் சத்தம் போய்விட்டது.

அவ போகவில்லை.
எனக்கு வேலை செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.
ஸ்பீக்கர் வயரைக் கழற்றி
மீற்றரின் ஒரு முனையை அதிலும்
மறுமுனையைக் கார் பொடியிலும் வைத்தேன்.
பேசாமல் இருந்தது. பேசாமல்தான் இருக்கவேண்டும்.
காப்பெட்டுக்குக் கீழே வயரைத் தடவித் தடவி
இடப்பக்கப் பின்கதவு வரை போனேன்.
சாத்தினேன். பீப்.
திறந்தேன். இல்லை.
சாத்தினேன்.
பீப்.

கதவிடுக்கில் நசிந்து நசிந்து உறை கிழிந்து
ரோச் வெளிச்சத்தில் ஒரேயொரு செப்பிழை,
கண் இமை மயிரளவு,
தகரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

புது வயர் ஐந்து அடி.
கதவால் வேண்டாமென்று கூரையில் ஒரு துளை,
அதற்கு றப்பர் வளையம்.
"இனி முழுக்கச் சொல்லுமோ?"
"சொல்லும்."
"ஒருக்காப் போடுங்கோ."

மனைவியின் பெயர் வந்தது.
மூன்று பிள்ளைகள், லண்டனோடும் கனடாவோடும்.
மருமக்கள், பேரர், மைத்துனர்,
உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும்.
ஒரு நிமிடம் பதினெட்டு வினாடி.
பெனடிக் முழு நேரமும் பம்பரில் குதித்துக்கொண்டே இருந்தார்,
நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவற்றை சைக்கிள் பம் என்னட்டைக் கிடக்கு" என்றா.
"ஆவணியில வாங்கினனான்."
பிறகு, பெடலில் கால் வைத்தபடி,
"பேஸ் கூடிப்போச்சு. ஊர்ப்பேர் விளங்கேல்லை."

குறைத்தேன்.

பில்லில் நூறு ரூபாய் கழிக்கச் சொன்னார் பெனடிக்.
கழிக்கவில்லை.
நாளைக்கு ரியூசன் விளம்பரம், இதை அழியென்றார்.
அழிக்க முதல் ஒருக்கா ஓடிப்பார்ப்போமென்று
சத்தத்தை நாலில் வைத்து
மதவடிப் பக்கம் திருப்பினோம்.
கிடங்கில் முன்சில்லு விழுந்தது. பின்சில்லும்.

இரத்தினசபாபதி அவர்கள், என்றது.