கழித்தல் ஆறு

தலைக்கு மேலே, கூரையை ஒட்டி
ஒரு நீலக் கோடு.
விட்டால் கடல் அங்கே வந்து நிற்கும்.
கோட்டிலிருந்து கழித்தல் ஆறு மீட்டரில்
ஒரு நாற்காலி, ஒரு காப்பி இயந்திரம்,
ஜூல்மிரா.

ராட்டர்டாமுக்கு வெளியே நீரேற்று நிலையம். இரவுப் பணி.
வாய்க்கால் கொண்டுவருவதை
இரும்புச் சல்லடையிலிருந்து வழித்தெடுக்க வேண்டும்:
பாசி, வாத்து முட்டை ஓடு, ஒற்றைச் செருப்பு,
வாரத்துக்கு ஒரு சைக்கிளாவது.
யாரும் தேடி வருவதில்லை.
அவள் பூட்டைத்தான் முதலில் பார்ப்பாள்.
பூட்டியபடியே முங்கியிருக்கும்.

அவள் பிறந்த தீவும் கழித்தல் ஆறுதான்.
ஆற்றுக்குப் பெயர் உண்டு, தடம் உண்டு.
வருஷத்தில் மூன்று நாள் செம்மண்ணாய் ஓடிவிட்டு
மிச்ச நாளெல்லாம் அதில் ஆடு மேயும்.
மழைக்கு முன்பே புழுதியில் சோளம் விதைப்பார்கள்.
வராத மழைக்கு இரண்டாம் முறையும் விதைப்பார்கள்.
அதற்கப்புறம் கப்பல்.

பதிவேட்டின் முன்பக்கம் டச்சு:
நேரம், நீர்மட்டம், பம்பு எண். அங்கே பொய் கூடாது.
பின்பக்கம் கிரியோல். அங்கே கவிதை.
ஏக்கம் என்ற சொல்லை மட்டும் தொடமாட்டாள்;
அதைத்தான் துவாலையில் அச்சடித்து
விமான நிலையத்தில் விற்கிறார்களே, என்பாள்.

பதினெட்டு வருஷமாய் ஒரே கவிதை.
முதல் வரியில் தீவின் பாறை:
கறுப்பு, சூடு, ஆட்டுப் புழுக்கை வாசம்.
நான்காம் வரிக்குள் எப்படியோ ஈரம் ஏறிவிடும்.
அடித்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.
ஏழாம் வரியில்
பாறையின் மேல் ஒரு வாத்து உட்கார்ந்திருக்கும்.

"நம்ம தீவில் ஏதடி வாத்து?"
மீன் பொரித்தபடி இவோன் கேட்டாள்.
"அங்கே பற்றி எழுது, இல்லை இங்கே பற்றி எழுது.
ஒரே தட்டில் வைத்தால் ஊசிப்போகும்."
முள்ளை ஓரமாய் ஒதுக்கிக்கொண்டே ஜூல்மிரா:
"பாறையைக்கூட எடுத்துவிடுவேன் போலிருக்கு.
இந்த வாத்து நகர மாட்டேன் என்கிறது."

நவம்பரில் ஒரு வடமேற்குக் காற்று.
சல்லடையில் முழு மரம்.
மூன்றாம் பம்பு விக்கி, விக்கி, நின்றது.
தண்ணீர் ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது:
ஒரு செங்கல். இன்னொரு செங்கல்.
மேலாளர் யோரிஸ் தூக்கத்தில் போனை எடுத்து
எந்தப் பக்கம் என்றான்.

நம் பக்கம், என்றாள்.

போனை வைத்த பிறகுதான்
அது அவள் காதில் விழுந்தது.

அவளுடைய இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே சொல்.
கேட்பவனைச் சேர்த்தாளா, வெளியே நிறுத்தினாளா
என்று அது காட்டிக்கொடுக்காது.
தமிழில் எழுதுகிற எனக்குத்தான் தப்ப வழியில்லை.
எங்கள் என்றால் யோரிஸ் கதவுக்கு வெளியே.
நம் என்றால்
அவனும், விளக்கணைத்துத் தூங்கும் தெருக்களும்,
பூட்டிய சைக்கிள்களும் உள்ளே.
நான் நம் என்று போட்டுவிட்டேன்.
அவளைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மண்ணைக் காட்டியிருப்பாளோ என்னவோ.
அதுவும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததுதான்,
கடலைக் கழித்த மிச்சம்.
இரவெல்லாம் யாராவது விழித்துப் பிடித்திருந்தால் இருக்கும்;
இல்லையென்றால் கிளம்பிவிடும்.

விடியுமுன் நாலு பேர் வந்து மரத்தை அறுத்தார்கள்.
விரல் மரத்துப்போயிருந்தது.
பதிவேட்டில், முன்பக்கத்தில், டச்சில் எழுதினாள்:
4.40. மூன்றாம் பம்பு ஓடுகிறது.
நீர் இறங்குகிறது.
பாறை மேல் வாத்து.

கையெழுத்துப் போடப்போன யோரிஸ் பேனாவை நிறுத்தினான்.
வாத்து சரி. பாறை எங்கே?
இந்தப் பக்கம் முழுக்கத் தேடினாலும்
ஒரு பாறை கிடையாதே.

ஜூல்மிரா திரும்பவில்லை.
காசை விழுங்கிவிட்ட காப்பி இயந்திரத்தை
உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.