கொண்டை ஊசி, பதினான்கு

ஏற்காடு ஏறும்போது பதினான்காவது வளைவில்
குட்டியைச் சுமந்த குரங்கு குறுக்கே வர,
செங்கோடன் அண்ணன் பிரேக்கை மிதித்தார்.
கம்பியில் மோதியது என் நெற்றிப்பொட்டு.
ரத்தம் வரவில்லை. நான் விழவுமில்லை.
கொய்யாக்கூடை அம்மாவுக்கு
அதே ஏழு ரூபாய் மீதியை
மூன்று முறை கொடுத்தேனாம்.
அவர் இரண்டைத் திருப்பித் தந்தாராம்.
மிச்ச ஆறு வளைவுகள்
இன்றுவரை என்னிடம் வந்து சேரவில்லை.

ஐந்து ரோட்டில் முதல் ஸ்கேன், நான்கு நிமிடம்.
பத்தாம் நாள் இன்னொன்று:
மோதிரமும் வெள்ளி அரைஞாணும் கழற்றி வைத்து,
தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவதுபோல்
இடித்துக்கொண்டே இருந்த குழாய்க்குள்
நாற்பது நிமிடம்.
ஏழாயிரத்து ஐந்நூறு.
இரண்டிலும் நார்மல்.

"கசிவு இருந்தா காட்டும், உடைஞ்சிருந்தா காட்டும்.
உள்ளே இழை இழுபட்டிருந்தா
பெரும்பாலும் காட்டாது" என்றார் டாக்டர் ஹேமலதா.
அதையே ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டேன்.
எழுதினார்:
'நோயாளி தலை வலிக்கிறது என்கிறார்.'

என்கிறார்.
அந்த ஒரு சொல்லைத்தான் டிப்போவில்
தெய்வசிகாமணி விரலால் தட்டினார்.
ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து
என் மூளையைத் தலைகீழாகப் பார்த்தார்.
"ஒண்ணுமில்லையேப்பா. திங்கக்கிழமை வந்துரு."

போனேன்.
பஸ் ஸ்டாண்டில் முதல் விசிலை
நானே ஊதி, நானே காதைப் பொத்தினேன்.
சிரித்தவர்களில் செங்கோடன் அண்ணனும் இருந்தார்;
அப்புறம் அவர் மட்டும் நிறுத்திக்கொண்டார்.

படத்தில் என்ன இருந்தது என்று
மாதேஸ்வரி கேட்கவேயில்லை.
கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவள்.
சில ஜோடி தராசில் சரியாக நிற்குமாம்,
கண்ணுக்கும் முழுசாம்,
காலில் கட்டி நடந்தால்தான்
எந்த வளையம் விட்டிருக்கிறதென்று தெரியுமாம்.
சொல்லிவிட்டு மிக்சியைத் தூக்கிக்கொண்டு
பக்கத்து வீட்டில் போய்ச் சட்னி அரைத்து வந்தாள்.

மேற்கு ஜன்னலில் வெயில் குத்துகிறது.
அவள் பழைய சேலை போதவில்லை.
ஃபிலிமை விரித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன்.
இருபது படங்கள்.
இருபதிலும் நான் நன்றாக இருக்கிறேன்.
அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் படுத்தபடி
ஒன்று, இரண்டு என்று ஏறுகிறேன்.
பதினான்கில்
யாரோ மீதி கேட்கிறார்கள்.