ஒரு சுற்றுக்கு ஒருமுறை

டிக்.
பின்சக்கரம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை.
மிதித்தாலும் டிக், மிதிக்காமல் உருண்டாலும் டிக்.
ஆகவே பெடல் இல்லை, செயின் இல்லை,
இரண்டு வாரமாய் நான் சந்தேகப்பட்ட
என் வலது முழங்கால் இல்லவே இல்லை.

நார்ட்டன் சம்மிட் ஏற்றத்தில்
யூகலிப்டஸ் பட்டை உரிந்து கிடக்கும் வளைவுகளில்
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே
என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தது.

பகலில் எனக்குப் பிழைப்பு காது.
அடிலெய்டில் ஜன்னலில்லாத ஓர் அறை.
ஆட்களைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பேன்,
எவ்வளவு சின்னதென்றாலும்,
கேட்டதா இல்லையா என்றே சந்தேகமென்றாலும்.
அப்படிப்பட்டவளுக்கு இது.

கடையில் நிக்கோஸ் சைக்கிளைத் தூக்கி மாட்டினான்.
சுழற்றினான். பூனை நடந்ததுபோல் ஓடிற்று.
ஒன்றுமில்லையே என்றான்.
பாரம் ஏறாத சக்கரத்துக்கு என்ன புகார் இருக்கும்?
மாமியாருக்கு ஃபோன் செய்யும்போது நானும் இப்படித்தான்.
பதினைந்து டாலர், ரசீதோடு.

மெரிடித்தைக் கேட்டேன்.
ஆறு வருடமாய்ச் செவ்வாயும் சனியும்
என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு வருகிறவள்,
அறுபத்துமூன்று வயது, ஏற்றத்தில் என்னைவிடக் கெட்டி.
"சத்தமா? உன் சைக்கிள் ஊமை" என்றாள்.
சிரித்தேன்.
பழியைச் சக்கரத்திலிருந்து எடுத்து
என் தலைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஞாயிறு இரவு, துணி காயும் அறையில்
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாய்ச் சுண்டினேன்.
இருபத்தெட்டு. வலப்பக்கம் முழுக்க ஒரே சுதி.
இடப்பக்கத்தில் இரண்டு மட்டும்
நனைந்த கயிறு. டொப்.
ஒன்றை ஒன்று குறுக்கே தொடும் இடத்தில்
நகக்கீறல்போல் வெள்ளைத் தழும்பு.
கீழே வரும்போது என் எடையில் தளர்ந்து
மேலே போகும்போது மறுபடி விறைத்து
உரசி, நழுவி:
டிக்.

கோட்டம் எடுக்க அவசரக்காரி ஆகாது.
கால் திருப்பு. சுண்டு. கேள். கால் திருப்பு.
கொஞ்சம் மிஞ்சினால் விளிம்பு சாய்ந்து
பிரேக் கட்டையை மயிரிழை தீண்டும்.
அரைக்கால் பின்வாங்கு.
எதிர்ப்பக்கக் கம்பியைச் சமாதானப்படுத்து.
பன்னிரண்டேகாலுக்குத் திருமாறன் கதவருகே வந்து நின்று
வீணை எப்போது அரங்கேற்றம் என்றார்.

செவ்வாய். ஏற்றம். சக்கரத்தில் ஒரு சத்தம் இல்லை.
மூன்றாவது வளைவு தாண்டும்போதுதான் உறைத்தது:
அப்படியென்றால் இத்தனை நாள் இருந்திருக்கிறது.
நான்காயிரம் ஹெர்ட்ஸ் பக்கம், மெலிசாய், கூராய்.
என் அறையில் சிலர்
பொத்தானை அழுத்தாமல், விரலை அதன்மேல் வைத்தபடி
என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருக்கும்
அதே இடத்தில்.
மூன்று வாரம். ஒரு முழத் தூரம்.

செப்டம்பர். மேக்பைகள் கூடு காக்கும் மாதம்.
அலகைச் சொடுக்கிக்கொண்டு பின்னாலிருந்து பாய்ந்தது ஒன்று.
நான் குனிந்தேன். அவள் குனியவில்லை.
அவள் ஹெல்மெட்டில் நட்டிருந்த பிளாஸ்டிக் முட்களில்
ஒன்று மடங்கிய பிறகு
"ஏய்!" என்று கத்தினாள்,
பறவை அதற்குள் மரத்தில்.

உச்சியில் தண்ணீர் குடித்தோம்.
சத்தம் போயிற்றா என்று கேட்டாள்.
போயிற்று என்றேன்.
"நான்தான் சொன்னேனே, ஒன்றுமே இல்லையென்று."
பாட்டில் மூடியை நான்
தேவைக்கு மேல் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இறக்கத்தில் அவளை முன்னால் விட்டேன்.
லாரி வருகிறது, கார் வருகிறது என்று
அவளுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே
பின்னால் வந்தேன். அவள் பிரேக்கைத் தொடவே இல்லை.

வியாழன் பதினொன்றரைக்கு ஓர் இடம் காலி இருந்தது.
பெயர் எழுதாமல் அடைத்து வைத்திருக்கிறேன்.