ஐந்தைந்தாக

ஈரி நகரத்துக்கு
ஏரிதான் பனியை அனுப்பும்.
நவம்பர் செவ்வாய், காலை எட்டு.
காரிலிருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னலில்
ஏழு வண்டிகள், ஏழின் புகையும் வெள்ளை.
என் வெள்ளை அங்கியில்
கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
பையில் ஒரு பேனா. அது எழுதாது என்று
பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருடம் படித்திருக்கிறேன்.
எந்த மருந்தைக் கல்லீரல் எந்த நொதியால் உடைக்கும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
யாரும் தூக்கத்தில் எழுப்பவில்லை.
கேட்டார்கள்:
பூனைக்குச் சாப்பாடு எந்த வரிசையில்?
போன மாதம் நாலு டாலர், இப்போது ஏன் அறுபது?
மூன்றாம் இணைப்பில் பெயர் சொல்லாத ஒரு குரல்:
நீ மனுஷியா, பதிவு செய்த குரலா?
சற்று யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

டானிட்டா என்னைவிட இரண்டு வயது இளையவள்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே
காப்பீட்டுக் கம்பெனியின் வயலின் இசை,
பல்லால் லேபிள் உரிக்கிறாள்,
காலால் இழுப்பறையை மூடுகிறாள்.
அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: நகரு.
இரண்டாவதும் அதே.

மாத்திரையை ஐந்தைந்தாகத் தள்ள வேண்டும்.
ஐந்து, பத்து, பதினைந்து,
இருபது என்னும்போது மணி அடிக்கும்,
மறுபடி ஐந்து.
ஒரு குழந்தையின் காதுவலிக்கான இளஞ்சிவப்புத் தூளில்
தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டேன்.
அடியில் கட்டி தட்டியது.
குலுக்கினேன், குலுக்கினேன்,
தேர்வறையில் யாரும் எதையும் குலுக்கச் சொன்னதில்லை.

பார்பரா விஷ்னெவ்ஸ்கி இந்த ஊரில் இருவர்.
ஒருவருக்குத் தைராய்டு. ஒருவருக்கு இதயம்.
பையை நீட்டிவிட்டேன்.
அந்தம்மா நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
நிதானமாக வாசித்து
"நான் மேப்பிள் தெரு இல்லையே, கண்ணே" என்றார்.
திட்டியிருக்கலாம்.
தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் திறந்து
எதையோ தேடுபவள்போல
இரண்டு நிமிடம் முகத்தை உள்ளே வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு வந்தவரின் சட்டையில்
லெனர்ட் என்று தைத்திருந்தது.
இரத்தம் உறையாமலிருக்க, நாளுக்கு இரண்டு.
விலை திரையில் வந்தது.
அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது மாறிவிடும் என்பதுபோல.
பிறகு தாழ்ந்த குரலில்,
பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி:
வெள்ளிக்கிழமைதான் சம்பளம்.
அதுவரைக்கும் மட்டும் எண்ணித் தர முடியுமா?

இரத்தம் எந்தப் படியில் உறையத் தொடங்கும்,
இந்த மாத்திரை எந்தப் படியில் குறுக்கே படுக்கும்,
அம்புக்குறி போட்டு வரைவேன், முழு மதிப்பெண்.
இரண்டு வேளை தவறினால் என்ன என்பதற்கும் படம் உண்டு.
வெள்ளிக்கிழமைக்குப் படம் இல்லை.
என் வாயில் வார்த்தையும் இல்லை.
மருந்தாளுநர் கிராசியானோவைத் திரும்பிப் பார்த்தேன்.
யாரோ ஒரு டாக்டரின் இணைப்புக்குக் காத்திருந்தவர்
காத்திருந்தபடியே தலையசைத்தார்.

இன்று இரவு ஒன்று.
புதன் இரண்டு, வியாழன் இரண்டு.
வெள்ளி காலை ஒன்று.
நாள் முழுக்க நான் போட்ட கணக்குகளில்
இதற்கு மட்டும்தான் விரலை மடக்கினேன்.
தட்டில் ஐந்தைத் தள்ளினேன்.
ஒன்று தனியே நின்றது.
அதையும் தள்ளினேன்.

அவர் எண்ணிப் பார்க்கவில்லை.
குப்பியைக் காதருகே கொண்டுபோய்
லேசாக ஆட்டினார்.
ஆறு மாத்திரை எழுப்பும் சத்தம்
எனக்கு அதுவரை தெரியாது.
"வெள்ளிக்கிழமை நீ இருப்பாயா?" என்றார்.
"ஆறு வாரம் இங்கேதான்" என்றேன்.
அதை ஏன் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னேன்
என்று தெரியவில்லை.

ஜன்னலில் ஹாரன்.
டானிட்டாவின் இரு கையிலும் பைகள்.
"நகரு" என்றேன் அவளிடம்.
ஒரு விநாடி பார்த்தாள். நகர்ந்தாள்.
கண்ணாடியைத் தள்ளியதும்
பனி உள்ளே வந்து விசைப்பலகையில் விழுந்தது.
"பிறந்த தேதி சொல்லுங்கள்" என்றேன்.
என்னுடையதை யாராவது கேட்டிருந்தால்
அந்த நேரத்தில்
சொல்லியிருக்க மாட்டேன்.