நிற்கும்போதுதான் தெரியும்

பேட்டையிலிருந்து ஐகிரவுண்டுக்கு
இரண்டு பஸ்.
ஜங்ஷனில் இறங்கி மாறும்போது தொலைகிற
ஏழு நிமிடத்தை
ஒன்பது வருடமாகச் சிவப்பு மையில்
ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சீட்டு முடிந்து அறுபதாயிரம் கைக்கு வந்தது.
வண்ணார்பேட்டை ஷோரூமின்
கண்ணாடிக் கதவைத் தள்ளியது நான்.
"வாங்க சார்" என்றது
பின்னால் வந்த ஆவுடையப்பன் அத்தானை.
சாருக்கு டிஸ்க் பிரேக் போதுமா,
சார் ஒருநாளைக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?
சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
"வண்டி எனக்கு" என்றேன்.
பையன் ஒரு நொடி என் செருப்பைப் பார்த்தான்.
பிறகு ரோஸ் கலரைக் காட்டினான்.

லேபில் ஆளுக்கொரு கட்சி.
"சக்கரம் பெருசாப் பாரு பிள்ள,
டவுன்ல தோண்டி மூடுன ரோட்டுல
சின்னச் சக்கரம் நடுமுதுகை எண்ணிரும்"
என்றார் பிலோமினா சிஸ்டர்.
எக்ஸ்ரே சுடலைமணிக்கோ
கியர் இல்லாதது வண்டியே இல்லை,
"அது கிரைண்டர்லா."
பேட்டரி வண்டியை
நான் ஒரு வாரம் காதலித்தேன்.
எங்கள் வீட்டுக்காரர்
சப்மீட்டரை டார்ச் அடித்துப் படிப்பவர்.
மாடியிலிருந்து வயர் தொங்கவிட்டு
விடியவிடிய கரண்டு எடுத்தால்
முறிந்துபோவது காதல் மட்டுமல்ல.

மேலப்பாளையத்தில் பழைய வண்டி ஒன்று,
முப்பதுக்குள் முடிந்துவிடும் என்றார்கள்.
மெக்கானிக் செய்யது மசூது
துணியால் துடைத்துக்கொண்டே இருந்தவர்
சட்டென்று நிறுத்தி
ஸ்பீடாமீட்டர் கண்ணாடிக்குள் விரலால் காட்டினார்.
காவி நிறத்தில் ஒரு கோடு.
ஆறு வந்து நின்ற உயரம்.
"வெள்ளத்துல மூணு நாள் கெடந்தது.
வேற யாருக்காவது குடுத்துக்கிடுதேன்."
அந்த வேற யாரோவை நினைத்து
அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.
எங்கள் தெருச் சுவரிலும் அதே கோடு இருக்கிறது,
அதன்மேல்தான் இப்போது
கல்யாண போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று உண்டு.
நான் நாலே முக்கால் அடி.
ஓடுகிற வண்டியில் உயரம் தெரியாது.
நிற்கும்போதுதான் தெரியும்:
கொக்கிரகுளம் சிக்னல்,
பின்னால் மினிபஸ்ஸின் ஹாரன்,
மடியில் டிபன் பை,
தரையைத் தேடுகிற ஒரு கட்டைவிரல்.

பதினொரு வண்டியில் ஏறி இறங்கினேன்.
அத்தான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்.
பிறகு இன்னொரு டீ.
ஒன்பதாவதாக ஏறியதற்கே திரும்பி வந்தேன்.
இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன.
டைல்ஸ் சில்லென்றிருந்தது,
செருப்பை எப்போது கழற்றினேனோ.

"அதுல சிமெண்ட் கலர்தான் இருக்கு மேடம்,
நீலத்துக்கு இருபத்திரண்டு நாளாகும்."
இப்போதுதான் மேடம்.
சிமெண்டே இருக்கட்டும் என்றேன்.

பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் ஆயிரத்து எண்ணூறு.
எதை ஹேண்டில் செய்தீர்கள்?
"அது கம்ப்யூட்டரே போடுறது மேடம்."
சுகர் ரிப்போர்ட் மாறிப்போனால்
நானும் அப்படித்தான் சொல்கிறேன்.
அதனால் ஆயிரம் மட்டும் குறைக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை, ஆறே முக்கால்.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.
தெருமுக்கு திரும்பி
பழக்கத்தில்
பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுவிட்டேன்,
வண்டியோடு,
பூக்கூடைக்கும் பாலிடெக்னிக் பையன்களுக்கும் நடுவே.
பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள்.
விசிலை வாயில் வைத்திருந்த கண்டக்டர்
புருவத்தால் கேட்டார், வரலையா?

பஸ் போய்
புகையும் போய்
நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்,
இரண்டு காலையும் நன்றாக ஊன்றி.
எப்போது போட்டேனோ,
வலது இண்டிகேட்டர்
டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.