பெயர் எழுதாத கட்டம்

கடம்பூருக்கு மேலே பஸ் நின்றுவிடும்.
குன்னிமரத்தொட்டிக்கு நடைதான்.
பால் சொசைட்டிக் கொட்டகையில் மேசை போட்டோம்,
நானும் ஏட்டு ரங்கநாயகமும் ஒரு கார்பன் பேப்பரும்.
பத்து நாள். கேள்வி கிடையாது, கேஸ் கிடையாது,
விடியுமுன் வைத்துவிட்டுப் போகலாம் என்று
கைமைக்கில் கத்தியது நான்தான்.

முதல் மூன்று நாளும் நாய்தான் வந்தது.

நாலாம் நாள் பேதன் வந்தார், வெறுங்கையோடு.
"குடுத்தர்றேனுங்க அம்மிணி.
ராத்திரி பன்னி வந்தா
உங்க ரசீதையா காட்டறது?"

எஸ்.ஐ. பதில் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார்.
ஆறாம் நாள் ஜீப்பில் சோலார் வேலிக் கம்பி வந்தது.
பாதிக் காட்டுக்குத்தான் காணும்.
மீதிக்கு வீட்டுக்கொரு விசில்,
முறை வைத்துக் காவல்,
மக்காச்சோளம் அழிந்தால் பதினைந்தே நாளில் பணம் என்று
வனத்துறைக் கையெழுத்து.
(நாற்பது நாள் ஆயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்புறம் வந்தன.
சாக்கில் சுற்றி, சோளத்தட்டில் செருகி,
தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்தது,
பால்ரஸ் குண்டு உள்ளேயே உருள்வது.
'ஒற்றைக் குழல், உரிமம் இல்லை, ஒன்று.'
கொடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில்
உத்தரவுப்படி ஒரு கோடு.

ஒன்பதாம் நாள் கெம்பி பாலூற்ற வந்தாள்.
போன மாசிக்கு முந்தின மாசியில்
அசைந்தது பன்னி என்று யாரோ சுட,
விழுந்தது அவள் புருசன்.
பார்த்தவர் யாருமில்லை என்று
அந்தக் கோப்பைத் தைத்து மூடியதும் நான்தான்.

கட்டை பிளந்த இடத்தில்
செப்புக் கம்பி சுற்றிய ஒன்றின்மேல்
அவள் கண் நின்றது.
பால் அளவையைத் தாண்டி வழிந்தது.

வைத்திருந்ததற்குத்தானே மன்னிப்பு,
கொன்றதற்கு இல்லையே
என்று நாக்கு நுனிவரை வந்தது எனக்கு.
கேட்டிருந்தால்
பத்தாம் நாள் வந்த ஆறும் வந்திருக்காது.
கேட்காததை எந்தக் கணக்கில் எழுத?

"எத்தனையாச்சுங்?" என்றாள்.
"முப்பத்தொண்ணு."
"மலையில இன்னும் எத்தனை கெடக்குது?"
தெரியாது என்றேன்.
"அப்ப நாளைக்கும் உக்காருங்க."
காலி கேனை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த மாசி முழுக்க
குன்னிமரத்தொட்டியிலிருந்து வந்தது ஒரே மனு.
விசில் சத்தத்தில் தூக்கம் போகிறதாம்.
பெயரோடு பதிந்துகொண்டேன்.