ஓர் உகரம்

முகம் வேண்டாம், கை போதும் என்றார்கள்.
கல்லுக்கட்டியில் அடகுக்கடைக் கணக்கன் நான்.
பதினேழு வருஷம் பேர் எழுதி
நடுவிரலில் காய்ப்பு ஏறியவன்.
அந்தக் காய்ப்புதான் கேமராக்காரருக்குப் பிடித்துப்போனது.

ஜப்பானில் படக்கதையாகப் பிறந்ததாம்.
பிறகு கார்ட்டூன். பிறகு சினிமா.
பிறகு கொரியாவில் ஒரு தொடர், அதில் ஓயாத மழை.
கானாடுகாத்தானில் இது ஐந்தாவது பிறவி;
மழைக்குப் பட்ஜெட் இல்லை.

ஒரு பேரேடு.
அதில் எவன் பேரை எழுதினாலும்
மை காயும் முன் அவன் சாவான்.
தப்பித்துப் போகும் குற்றவாளிகளைப் பார்த்துப் பார்த்து
கோர்ட் குமாஸ்தா ஒருவன் எழுதத் தொடங்குகிறான்.
நிறுத்தத் தெரியாமல் போவதுதான் மீதிக் கதை.

பேரேட்டுக்குக் காவல் ஒரு பேய்.
கழுத்துவரை கரி, தைத்த வாய்.
சித்திரை வெயிலில், முற்றத்துத் தூணில் சாய்ந்து,
தையல் இடுக்கில் ஸ்ட்ரா நுழைத்து
நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தது.
"எத்தனாவது டேக் அண்ணே?"

உதவி இயக்குநர் நிலோஃபர் மூலப் புத்தகத்தைக் கொடுத்தாள்.
பின்னாலிருந்து படிக்கணும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.
நான் நம் வழக்கப்படி புரட்டினேன்:
புதைத்தவன் எழுந்தான்,
முகத்துக்கு ரத்தம் திரும்பியது,
வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான்,
கடைசியில் ஒரு கை
அவன் பேரைத் தாளிலிருந்து உறிஞ்சி
பேனாவுக்குள் வைத்துக்கொண்டது.
நல்ல கதை என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில் ஒரு டேக் வீணானது.

மண்வாசனைக்கு ஊர்ப்பேர் வேண்டுமென்று
டைரக்டர் எங்கிருந்தோ பிடித்து வந்தார்:
சேவுகப்பெருமாள்.

எனக்கு ஒரு சேவுகப்பெருமாளைத் தெரியும்.
சிங்கம்புணரிப் பக்கம், செங்கல் சூளை.
மகள் பிரசவத்துக்கு இரண்டேகால் பவுன் சங்கிலி.
வட்டி அசலைத் தாண்டிப் போய்விட்டது.
திங்கட்கிழமை ஏல நோட்டீஸ் போகணும்.

பதினோரு டேக்.
ஒவ்வொன்றுக்கும் புதுப் பக்கம், மேலே பிள்ளையார் சுழி.
கொலைக்குமா சுழி என்று கேட்டேன்.
கணக்கு என்றால் சுழி உண்டு என்றார்.
நான் எழுதி முடிக்கும்போதெல்லாம்
மாடிப்படியில் யாரோ ஒருவர் உருண்டார்.
பதினோராவதுக்குப் பிறகு அவருக்கு முழங்காலில் தைலம்,
எனக்குக் கூடுதல் பேட்டா இருநூறு.

"ஒரே ஒரு வழி இருக்கு அண்ணே,"
வாய்த் தையலைப் பிரித்து, பிரியாணிப் பொட்டலம் பிரித்து,
பேய்தான் சொன்னது:
"பேர்ல எழுத்துப் பிழை இருந்தா பலிக்காது."

திங்கட்கிழமை. கடை. சாம்பிராணி.
எங்கள் பேரேட்டில் யாரும் உடனே சாவதில்லை.
முதலில் காதிலிருந்து போகும்,
பிறகு கையிலிருந்து,
கடைசியாகக் கழுத்திலிருந்து.
ஒரு வருஷம் ஒரு மாதம் ஆகும்.
காவலுக்குப் பேய் கிடையாது.
முகமும் வேண்டாம். கை போதும்.

பதிவுத் தபால் உறையில் 'சே' போட்டேன்.
காய்ப்பு விண்ணென்றது.
ஓர் உகரத்தை விட்டேன்.
சேவகப்பெருமாள்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது உறை.
சிவப்பு மையில் தபால்காரர் எழுதியிருந்தார்:
இப்பெயரில் எவரும் இல்லை.
அந்த வரியைப் படித்து
இவ்வளவு நிம்மதி அடைந்தவன்
இந்த ஜில்லாவில் வேறு இருக்க மாட்டான்.

நோட்டீஸ் சேராமல் ஏலம் கூடாது.
முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
மறுபடி எழுது என்றார்.

புதுத் தாள் எடுத்தேன்.
உச்சியில், எப்போதையும்விடப் பெரிதாக,
ஒரு உ போட்டேன்.

பேருக்குள் வைக்க
மீதி இல்லை.